கேமராவுக்கு ஒன்றும் இல்லை

ஜூன் 3, திங்கள்

லில்லியின் அறையில் இருக்கும் லேப்டாப்பில் கேமரா நின்றுவிட்டது. மத்தியானம் கெசியா அயர்லாந்திலிருந்து போன் செய்தாள். நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் தன் அறைக்குத் திரும்பியிருக்கிறாள்.

"அப்பா, அம்மா ரூம் எனக்கு ஒரே கருப்பாத் தெரியுது. அங்க கரண்ட் இல்லியா?"

"இருக்கே. ஃபேன் ஓடுது."

"ஆமா, ஃபேன் சத்தம் கேக்கு. படம்தான் வரல."

பார்க்கிறேன் என்றேன். ஒருமுறை அணைத்துப் போட்டேன். வரவில்லை என்று சொன்னாள்.

போன டிசம்பர் லீவுக்கு வந்தபோது கெசியா வாங்கி வைத்துவிட்டுப் போன லேப்டாப் இது. லில்லியின் கட்டிலுக்கு எதிரே மேசைமேல் ராப்பகலாகத் திறந்தே இருக்கும். கெசியா அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போது அங்கிருந்தபடியே இணைப்பைத் திறந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். நாங்கள் எதையும் அழுத்த வேண்டியதில்லை. பல நேரம் அவள் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குத் தெரியாது. திடீரென்று "அப்பா, அம்மாக்குத் தலையணை நழுவுது" என்று மேசையிலிருந்து சத்தம் வரும்.

லில்லி காலையில் இட்லி நன்றாகச் சாப்பிட்டாள். மத்தியானம் ரசம் சாதம், பாதியைத் துப்பிவிட்டாள். மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. மெடிக்கல் ஸ்டோர் வரை போய் வாங்கி வந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்த காலத்தில் பழுது எங்கே என்று தெரியாவிட்டால், ஒரு முனையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவோம். கெசியாவும் அப்படித்தான் செய்கிறாள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

முதலில் செட்டிங்ஸில் கேமராவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். இருந்தது. பிறகு அந்த வீடியோ செயலியை மூடிவிட்டு லேப்டாப்பிலேயே இருக்கும் கேமரா செயலியைத் திறக்கச் சொன்னாள். அதிலும் கருப்பு. வைரஸ் தடுப்பு ஏதாவது மறிக்கிறதா என்று பார்த்தோம். இல்லை.

"மேல கேமராகிட்ட சின்னதா ஒரு மூடி இருக்கும்பா. தள்ளுத மூடி. அது திறந்திருக்கா?"

திறந்திருக்கிறது என்றேன்.

"அப்ப டிரைவர் சாஃப்ட்வேரா இருக்கும். சனிக்கிழம எனக்கு ஆஃப். அன்னைக்கு உக்காந்து பாக்கேன்."

ஜூன் 5, புதன்

நாள் முழுக்க சாரல் காற்று. போர்வை காயவில்லை. கேமரா அப்படியேதான் இருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

கெசியா செல்போனில் வீடியோவில் வரச் சொன்னாள். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு லில்லிக்குத் தலை வாரி, புது நைட்டி மாற்றி, நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டினேன். லில்லி போனைப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள். ஜன்னல் பக்கம் திரும்பி வகுப்புக்கு அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வரும்வரை காத்திருந்தாள்.

"அம்மா நல்லாத்தான இருக்கா. பாத்துட்டல்ல" என்றேன்.

"செல்லுல நீங்க காட்டுததப் பாக்கேன். லேப்டாப்புல நானாப் பாக்கேன். ரெண்டும் ஒண்ணாப்பா?"

பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஜூன் 8, சனி

கெசியா அங்கிருந்தே இந்த லேப்டாப்பை இயக்கினாள். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது. கேமராவின் டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாள். இரண்டு தடவை ரீஸ்டார்ட் ஆனது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பொறுமை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சின்ன வயதில் ஷூ லேஸ் கட்டக்கூடப் பொறுக்கமாட்டாள்.

"எல்லாம் சரியா இருக்குன்னு காட்டுது. ஆனா கருப்பா இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியலப்பா."

சாப்பிட்ட பிறகு நன்றாகத் தூங்கினேன். பகலில் இப்படித் தூங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மே மாதம் ஒரு மத்தியானம் நாற்காலியில் கண்ணசந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் லில்லி இல்லை. பைபாஸ் ரோட்டில், பாவாடையும் ஜாக்கெட்டுமாக, லாரிகளுக்கு நடுவே நின்றிருக்கிறாள். டீக்கடைக்காரர் ஒருவர்தான் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார். அதற்குப் பிறகு வாசல் கதவைப் பூட்டினேன். பூட்டினால் நெற்றியால் முட்டுகிறாள். முட்டி முட்டிப் புடைத்துவிட்டது. இன்னொரு நாள் கேஸ் அடுப்பைத் திறந்து வைத்திருந்தாள்.

இன்று அப்படி எதுவும் நடக்கவில்லை. நான் எழுந்தபோது அவள் கட்டிலிலேயே இருந்தாள்.

ஜூன் 10, திங்கள்

முப்பிடாதி லில்லியைக் குளிப்பாட்டும்போது கூப்பிட்டாள். காலையில் மட்டும் வந்து, குளிப்பாட்டி, துணி துவைத்துவிட்டுப் போகிறவள்.

"ஐயா, டீச்சரம்மா கையில இதென்ன, மணிக்கட்டச் சுத்தி இப்படிச் செவந்து கெடக்கு?"

வளையல் அழுத்தியிருக்கும் என்றேன். அவள் வளையலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து தடவினாள்.

அவள் போன பிறகு சோப்பு போட்டு வளையலைக் கழற்றிவிட்டேன். கல்யாணத்துக்குப் போட்டது. லில்லி கழற்ற விடாமல் கத்தினாள்.

ஜூன் 11, செவ்வாய்

"அப்பா, ஒண்ணு கேக்கணும். நேத்து மத்தியானம் ஃபேன் சத்தமாவது கேக்கட்டும்னு லைன்ல இருந்தேன். அம்மா ஒரே பாடா 'அவுத்து விடுங்க அண்ணாச்சி, அவுத்து விடுங்க அண்ணாச்சி'ன்னு சொல்லிட்டே இருந்தா. என்னத்த அவுக்கச் சொன்னா?"

"சடைய. கொஞ்சம் இறுக்கிப் பின்னிட்டேன்."

"ரொம்ப நேரம் சொன்னாப்பா."

"ம்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

குளித்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

அண்ணாச்சி என்பது நான்தான். கல்யாணமான நாளிலிருந்து அத்தான் என்று கூப்பிட்டவள். இந்த ஈஸ்டருக்குப் பிறகு அண்ணாச்சி ஆகிவிட்டேன். ஏதோ பலசரக்குக் கடைக்காரர் என்று நினைக்கிறாள். சில நாள் சீரகம் கேட்பாள். சில நாள் கடன் சொல்ல வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொள்வாள்.

சாயங்காலம் லேப்டாப்பில் மைக்கையும் அணைத்துவைத்தேன். மைக்கும் கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 13, வியாழன்

இப்போது சத்தமும் வரவில்லை என்றதும் கெசியா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். வண்ணார்பேட்டையில் அவளோடு படித்தவளின் தம்பி பாரூக் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறானாம். அவனிடம் பேசியும் விட்டாள்.

"நாளைக்குக் காலையில கொண்டு போங்கப்பா. முப்பிடாதி இருக்கும்போதே போயிட்டு வந்துருங்க. அம்மாவத் தனியா விடாதீங்க."

"தானாச் சரியாயிரும்மா."

"பத்து நாளா ஆகல. எனக்கு இங்க வேலையே ஓடமாட்டேங்கு. பெட்டுல கெடக்கிற ஒவ்வொருத்தரப் பாத்தாலும் அம்மா ஞாபகம்தான் வருது."

சரி என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

லில்லிக்குக் கை ஒடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். கெசியாவிடம் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். விஷயம் கேள்விப்பட்டு முப்பிடாதி சாயங்காலம் துணைக்கு வந்தாள்.

ஜூன் 16, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். லில்லி ஊசி மயக்கத்தில் தூங்குகிறாள். ஞாயிறு ஆராதனைக்குக் கோயில் மணி கேட்டது. போகவில்லை.

கேமராவுக்கு ஒன்றும் இல்லை. மூடியைத் தள்ளியது நான்தான். ஜூன் மூன்றாம் தேதி லில்லியின் மாத்திரை தீர்ந்துவிட்டது. முப்பிடாதி போய்விட்டாள். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. மாத்திரை இல்லாவிட்டால் ராத்திரி அவள் படும் பாட்டைப் பார்க்க முடியாது. மெடிக்கல் ஸ்டோருக்குப் போய் வர வேண்டும். பழைய வேட்டியைக் கிழித்து அவள் இடது கையைக் கட்டில் சட்டத்தோடு கட்டினேன். கட்டுவதற்கு முன்னால் லேப்டாப்புக்குப் போய் மூடியைத் தள்ளினேன். அதை யோசித்துச் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். கை தானாகப் போகவில்லை.

அன்று சீக்கிரமே வந்து அவிழ்த்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடியைத் திறக்கத்தான் போனேன். நாளைக்கும் வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டேன். மறுநாள் பால் வாங்க. அதற்கு அடுத்த நாள் பென்ஷன் விஷயமாக. பிறகு வெளியே போக ஒன்றும் இல்லாத நாளிலும் கட்டினேன். தூங்குவதற்காகக் கட்டினேன். பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு அவள் அண்ணாச்சி அண்ணாச்சி என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். அது காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே தூங்கியும் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் முப்பிடாதி வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாரிடமோ சொல்லி அனுப்பினாள். கெசியாவிடம் நாளைக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் பாரூக் போன் செய்துவிட்டான். "எப்ப சார் வாரீங்க, அக்கா காலைலயே மெசேஜ் போட்டுட்டாங்க" என்றான். மாட்டேன் என்றால் ஏன் என்று அவள் கேட்பாள். லில்லிக்கு இட்லி கொடுத்துவிட்டுக் கட்டினேன். லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். போகும் வழியில் மூடியைத் திறந்தேன், மைக்கையும் போட்டேன். கடைக்காரன் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்வான், உடனே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பாரூக் திறந்ததும் படம் வந்தது.

"நல்லாத்தான சார் வேல செய்யுது?"

"இங்க செய்யுது. வீட்டுல இடையில இடையில நின்னுருது."

இதை ஏன் சொன்னேன்? சும்மா இருந்திருந்தால் போதும். பத்து நாள் கருப்பாக இருந்ததற்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயில் வந்துவிட்டது.

"அப்படின்னா ஓடவிட்டுத்தான் சார் பாக்கணும். சூடானா நிக்குதான்னு தெரியும். அக்காவும் நல்லா செக் பண்ணாமக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. உக்காருங்க, டீ சொல்லுதேன்."

உட்கார்ந்தேன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்திருந்தான். திரையில் என் முகம் தெரிந்தது. சவரம் பண்ணாத, வாய் சற்றுத் திறந்த ஒரு கிழவன். லில்லியின் அறையில் அதன் முன்னால் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். கெசியாவுக்கு இத்தனை நாள் நான் இப்படித்தான் தெரிந்திருக்கிறேன். நடுவில் எழுந்து, "போதும், குடுப்பா" என்று ஒரு தடவை கேட்டேன். "இன்னுங் கொஞ்ச நேரம் சார்" என்றான். நானும் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் ஆளைக் கட்டிப்போட்டு வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது சத்தமே இல்லை. அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

இறங்கப் பார்த்திருக்கிறாள். கால் இரண்டும் தரையில் மடங்கிக் கிடக்க, உடம்பு மொத்தமும் அந்த ஒரு கையில் தொங்கிக்கொண்டிருந்தது. கை வேறு பக்கம் திரும்பியிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது. என்னைப் பார்த்ததும், "கடை அடைச்சாச்சா அண்ணாச்சி" என்று கேட்டாள். குரலே எழும்பவில்லை.

முடிச்சு இறுகிவிட்டது. விரலால் அவிழவில்லை. கத்தரிக்கோல் தேடி வெட்டினேன். அப்போதுதான் அலறினாள்.

டாக்டர் சின்னப் பெண். எக்ஸ்ரே பார்த்தாள், முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருக்கிறது என்றாள். மணிக்கட்டில் இருந்த தழும்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"கட்டிப் போட்டீங்களா சார்?"

"ஆமா."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். சீட்டில் ஏதோ எழுதினாள். "இனிமே கட்டாதீங்க. ஆள் போடுங்க. இவங்களத் தனியாப் பாக்க ஒருத்தரால முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 17, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். லேப்டாப்பைப் பழைய இடத்திலேயே வைத்து, மூடியைத் திறந்து, மைக்கைப் போட்டேன். கெசியா வரும்வரை லில்லியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் வந்தாள். திரையில் அவள் முகம் தெரிந்தது.

"படம் வந்துட்டே. பாரூக் சரி பண்ணிட்டானா?" என்றவள் மாவுக்கட்டைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "ஐயோ அம்மா."

"கேமராவுக்கு ஒண்ணும் இல்ல, கெசியா. நான்தான் மூடி வச்சிருந்தேன்."

ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று இங்கே எழுதியிருப்பதால் வரிசையாகச் சொல்ல முடிந்தது. அவள் குறுக்கே பேசவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். இமை அசைந்தது.

"துணியக் காட்டுங்க" என்றாள்.

வெட்டிய துணியைத் தூக்கிப் போட்டிருக்கவில்லை. எடுத்துக் காட்டினேன்.

"எப்படிக் கட்டுனீங்க?"

நாற்காலியின் கையில் சுற்றிக் காட்டினேன். "இறுக்கிக் கட்டலம்மா. ரெண்டு விரல் உள்ள போற மாதிரி இடம் விட்டுத்தான் கட்டுனேன்."

அவள் திரைக்கு அருகே வந்து பார்த்தாள். பிறகு பின்னால் சாய்ந்துகொண்டாள்.

"எங்களுக்கும் அப்படித்தான்பா சொல்லித் தந்தாங்க. ரெண்டு விரல் போகணும்னு."

"எங்க?"

"மதுரையில ஐசியூல இருக்கும்போது. டியூபப் புடுங்குவாங்கன்னு கட்டுவோம். நானும் கட்டிருக்கேன், நெறய பேர. நைட்டுல ரெண்டு பேரா இருபது பெட்டப் பாக்கணும். இங்க வந்த பொறவுதான் கட்டவே கூடாதுன்னு சொன்னாங்க. இங்க ஆள் இருக்கு, சொல்லுதாங்க."

நான் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இருந்தாலும் உங்க மேல கோவமா வருதுப்பா."

"வரட்டும்."

"சடைன்னு சொன்னீங்களே. நானும் நம்பிட்டு இருந்தேன். நம்பல. நம்பணும்னு இருந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான கடைக்குப் போங்க போங்கன்னு உயிர எடுத்தேன்."

"அதுக்கு நீ என்ன செய்வ?"

லில்லி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வகுப்புல பேசக் கூடாது" என்றாள். பேசாமல் இருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்துக் கெசியா சொன்னாள்: "முப்பிடாதிகிட்ட சாயங்காலமும் வரச் சொல்லுங்க, நான் பேசுதேன். மத்தியானம் நீங்க போய்ப் படுங்க. டியூட்டி முடிஞ்சு நான் வார நேரம்தான். நான் அம்மாவப் பாத்துட்டு இருக்கேன். எந்திரிச்சா உங்க செல்லுக்கு அடிக்கேன்."

"ராத்திரி பூரா வேல பாத்துட்டு வார. நீ எப்பத் தூங்குவ?"

"அது என் பாடு."

ஜூன் 20, வியாழன்

மாவுக்கட்டு என்னவென்று லில்லிக்குத் தெரியவில்லை. கட்டிலில் அடிக்கிறாள். பிறகு வலியில் அழுகிறாள். கை பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள்.

மத்தியானம் படுத்த கொஞ்ச நேரத்திலேயே போன் அடித்தது. "எந்திரிச்சிட்டாப்பா, சீக்கிரம்." ஓடினேன். வாசல்படி வரை வந்திருந்தாள். உள்ளே கூட்டிவந்து படுக்க வைத்தேன். மறுபடி போன். இன்று மூன்று தடவை. தூங்கினேன் என்று சொல்ல முடியாது. ஆனாலும் படுத்திருந்தேன்.

ஜூன் 22, சனி

நாகர்கோவில் பக்கம் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருப்பதாகக் கெசியா சொன்னாள். ஆகஸ்டில் லீவு கிடைத்ததும் வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்கிறாள்.

"அங்க கட்டமாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாதுப்பா. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முப்பிடாதி சாயங்காலமும் வர ஆரம்பித்திருக்கிறாள். என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூன் 24, திங்கள்

இன்று போன் அடிக்கவே இல்லை. விழித்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. இவ்வளவு நேரம் தூங்கியிருக்கிறேன். பக்கத்து அறைக்கு ஓடினேன்.

லில்லி கட்டிலில் இருந்தாள். மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் போட்டுக்கொண்டு, வாயைச் சற்றுத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

திரையில் கெசியாவும் தூங்கிக்கொண்டிருந்தாள். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள், கையில் செல்போன். அவள் ஜன்னலில் திரை போட்டிருந்தது, ஓரத்தில் பகல் வெளிச்சம் கசிந்தது. எழுப்ப வாயெடுத்தேன். அவள் இப்படித் தூங்கிப் பார்த்து எத்தனை வருஷமாகிறது என்று நினைத்துக்கொண்டேன், கூப்பிடவில்லை.

மைக்கை மட்டும் அணைத்தேன். இங்கே காக்கை கத்திக்கொண்டிருந்தது.

பிறகு நாற்காலியை இழுத்து, இரண்டு பேரும் தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பிடாதி வந்து கதவைத் தட்டும்வரை எழுந்திருக்கவில்லை.